உதடு ஒட்டாத சொல்

மே 4

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நானும் உன் மாமாவும் நன்றாக இருக்கிறோம். மாமாவின் முழங்கால் மட்டும் அவர் சொல்பேச்சு கேட்பதில்லை. நீ எப்படி இருக்கிறாய்? வேளைக்குச் சாப்பிடுகிறாயா, தூங்குகிறாயா, முடி வெட்டினாயா?

இந்தக் காலத்தில் கடிதமா என்று முகம் சுளிக்காதே. போனில் நான் இருபது நிமிடம் பேசினால் நீ பதினெட்டு ‘ம்’ சொல்கிறாய். அதில் எது சந்தோஷ ‘ம்’, எது ‘போனை வை’ என்கிற ‘ம்’ என்று எனக்குப் பிடிபடவில்லை. காகிதத்தில் வெறும் ‘ம்’ எழுதி ஸ்டாம்ப் ஒட்ட உனக்கே கூச்சமாக இருக்கும் என்றுதான் இந்த ஏற்பாடு.

உன் சூப்பர்வைசர் எனக்குப் போன் செய்தார். அவசரத்துக்குக் கூப்பிட என் நம்பரைத்தானே கொடுத்திருக்கிறாய். லிஃப்ட் வேலையில் மேலே ஒருவர், கீழே ஒருவர் என்று இரண்டு பேர் இல்லாமல் பெட்டியை நகர்த்தக் கூடாது என்பது எனக்கே தெரியும். நீ அண்டா என்று கூப்பிடுகிற உன் ஜோடி இறந்து ஐந்து மாதம் ஆகிறது. வேறு யாரையும் ஜோடி சேர்க்க மாட்டேன் என்கிறாயாம். மாதத்துக்கு ஒருவராக அனுப்பிப் பார்ப்பாராம். அக்டோபர் பதினைந்துக்குள் ஒருவரை ஏற்று நீ கையெழுத்துப் போடாவிட்டால், ஆபீஸில் புகார் போன் எடுக்கிற நாற்காலியில் உட்கார வைத்துவிடுவாராம். “நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்கம்மா” என்றார். சொல்லவில்லை, எழுதுகிறேன். நடு மாடியில் மாட்டிக்கொண்டு கத்துகிற ஜனங்களுக்கு நீ ‘ம்’ என்று பதில் சொல்வதை நினைத்துப் பார்த்தேன். சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது.

என் சமாச்சாரம். டப்பிங் ஸ்டுடியோவில் ஒரு ஜப்பானிய அனிமே தொடருக்குத் தமிழ் வசனம் எழுதச் சொல்லியிருக்கிறார்கள். பன்னிரண்டு பாகம். பள்ளிக்கூடத்தில் டேபிள் டென்னிஸ் ஜோடியாக ஆடுகிற இரண்டு பையன்கள். முதல் பாகம் முடிவதற்குள் ஒருவன் இறந்துவிடுகிறான். மற்றவன் எதிர்ப்பாதி மேஜையைச் சுவர் மாதிரி மடித்து நிறுத்திவிட்டு, அதன்மேல் தனியாக அடித்துக்கொண்டே இருக்கிறான். வசனத்தை வெளியாள் ஒருவர் கேட்டு ‘மனுஷன் இப்படித்தான் பேசுவான்’ என்று சொல்ல வேண்டும் என்பது டைரக்டர் வைத்திருக்கும் விதி. உன் பெயரைக் கொடுத்துவிட்டேன். ஆண்பிள்ளைச் சிநேகிதர்கள் தனியாக இருக்கும்போது என்ன பேசிக்கொள்வார்கள்? மாமாவைக் கேட்டேன். “பேசவே மாட்டாங்க” என்று சொல்லிவிட்டுப் பேப்பருக்குள் போய்விட்டார்.

முதல் இரண்டு பாகம் இதோடு வரும் பென் டிரைவில் இருக்கிறது.

பதில் வரும்வரை தபால்காரரை நிம்மதியாக விடப்போவதில்லை,
அக்கா


மே 22

அக்காவுக்கு,

நான் நலம். நீ நலமா? மாமா முழங்காலை விசாரித்ததாகச் சொல். வயிறு மட்டும் கொஞ்சம் எரிகிறது, டீ அதிகமாகிவிட்டது. முடி வெட்டியாகிவிட்டது.

சூப்பர்வைசர் வாய் லிஃப்ட் கதவு மாதிரி, யார் வந்து நின்றாலும் திறந்துகொள்ளும். அவர் சொன்னதைக் காதில் போட்டுக்கொள்ளாதே.

பொம்மைப் படம் பார்த்தேன். முகத்தில் பாதி கண்தான். அவ்வளவு பெரிய கண் இருந்தால் மூளைக்கு இடம் ஏது? மூக்கு என்று ஒன்று இல்லவே இல்லை, ஆனால் அழும்போது மட்டும் ஒழுகுகிறது. இரண்டாம் பாகத்தில் கல்லறை முன்னால் நின்று, “நண்பா, நீயில்லாத நான் வெறும் நிழல்” என்கிறான். இதைக் கேட்டால் செத்தவனே எழுந்து வந்து ஓர் அறை விடுவான். நிஜத்தில் உயிரோடு இருக்கிறவன் “எங்கடா போய்த் தொலைஞ்ச” என்றுதான் கேட்பான். அவ்வளவுதான் பேச்சு.

எனக்கு இதெல்லாம் தோதுப்படாது. வேறு ஆளைப் பார்த்துக்கொள்.

தம்பி

பின்குறிப்பு: மூன்றாம் பாகத்திலாவது அந்த மேஜையை யாராவது விரிக்கிறார்களா?


ஜூன் 3

அன்புத் தம்பி,

இங்கே எல்லோரும் சௌக்கியம். வயிற்றெரிச்சல் என்று எழுதியிருந்தாயே, டாக்டரிடம் காட்டினாயா? டீயைக் குறை.

உன் ஒரு வரி ஸ்டுடியோவையே கலக்கிவிட்டது. அந்தப் பையனுக்குக் குரல் கொடுப்பவர் உண்மையில் நாற்பது வயதுக்காரர், இரண்டு பெண்களுக்கு அப்பா. “எங்கடா போய்த் தொலைஞ்ச” என்று சொன்னவர் அப்படியே மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். தண்ணீர் கொடுத்து உட்கார வைத்தோம். டைரக்டர் என் கையைக் குலுக்கினார். உன்னுடையது என்று நான் சொல்லவில்லை, குலுக்கல் எனக்கே இருக்கட்டும்.

மறுநாள் சேனலிலிருந்து கடிதம். ‘சிறுவர் நிகழ்ச்சியில் தொலைதல் என்னும் வினை ஏற்புடையதன்று.’ டைரக்டர் அரை நாள் வாதாடி, “எங்கடா போன” என்பதில் வந்து நிற்கிறது. இந்த மாதிரி இன்னும் பத்து வரி எழுதி அனுப்பு. சேனல் பாதியை வெட்டினாலும் ஐந்து மிஞ்சும்.

அப்புறம், போன மாதம் உன்னிடம் அனுப்பியவரை ஒரே வாரத்தில் திருப்பி அனுப்பிவிட்டாயாமே. என்ன குறை அவரிடம்?

மூன்று, நான்கு, ஐந்து வைத்திருக்கிறேன். மேஜையை யார் விரிப்பது என்று நீயே பார்த்துக்கொள்.

உன் உழைப்பில் பெயர் வாங்கும்,
அக்கா


ஜூன் 20

அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆவல். டாக்டரைப் பார்க்க நேரமில்லை.

நீ கேட்ட பத்து வரி தனிக் காகிதத்தில் இருக்கிறது. நீ மட்டும் படி. மாமா கண்ணில் படாமல் கிழித்துவிடு. ஏழாவது வரியை நீகூடப் படிக்க வேண்டாம்.

அந்த ஆள் கொட்டாவி விடுகிறான். அவன் மேலே நின்று ஒரு கொட்டாவி விட்டால் கீழே லிஃப்ட் குழிக்குள் இருக்கிற எனக்கு ஒன்பது கொட்டாவி வருகிறது. இந்த மாதம் வந்தவன் மூக்கால் மூச்சு விடுகிறான். அவனையும் அனுப்பிவிட்டேன்.

நான்காம் பாகத்தில் ஒரு பெண் வந்து “நானும் ஆடட்டுமா” என்று கேட்கிறாள். இவன், “மேஜை ரிப்பேர்” என்கிறான். நல்ல பதில். ஒரு வார்த்தைகூட மாற்றாதே. அவள் என்ன பாவம் செய்தாள் என்று பின்னணியில் பியானோ வாசிக்கிறார்கள். அவள் ஒரு பாவமும் செய்யவில்லை. இவனுக்கு ஆட இஷ்டமில்லை. அதை ஏன் யாருக்கும் புரிந்துகொள்ளத் தெரியவில்லை?

ஆறாம் பாகம் எப்போது வரும்? எனக்காகக் கேட்கவில்லை. உன் வேலை தடைபடக் கூடாது என்றுதான்.

தம்பி


ஜூலை 8

அன்புள்ள மேஜை ரிப்பேருக்கு,

நாங்கள் நலம். நீ நலம் என்று நீயே எழுதுகிறாய், நம்புகிறேன்.

எல்லா மனிதர்களும் மூக்கால்தான் மூச்சு விடுகிறார்கள். இதை ஒரு காரணமாக எழுதிச் சூப்பர்வைசரிடம் கொடுத்தாயாமே. அவர் அதைச் சட்டம் போட்டு மாட்டலாமா என்று யோசிக்கிறார். ஏழாவது வரியைப் படித்தேன். மாமாவும் படித்தார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் இப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

ஆறு முதல் எட்டு வரை அனுப்பியிருக்கிறேன். எட்டாம் பாகத்தில் அந்தப் பையன், இறந்துபோனவன் வீட்டு வாசல்வரைக்கும் போய்விட்டு மணியடிக்காமல் திரும்பி வருவான். அந்தக் காட்சிக்கு வசனமே இல்லை, எனக்கு வேலையும் இல்லை. ஆனாலும் நான்கு தடவை போட்டுப் பார்த்தேன்.

ஒன்று கேட்கிறேன், கோபப்படாதே. அண்டா வீட்டுக்கு நீ போனாயா? அவன் மனைவி என்னைக் கூப்பிட்டு உன்னைப் பற்றி விசாரித்தாள்.

பதில் எழுத இஷ்டமில்லையென்றால் படத்தைப் பற்றியாவது எழுது.

அக்கா


ஜூலை 30

அக்காவுக்கு,

நலம். மாமாவுக்கு என் வணக்கம். அவரிடம் ஏழாவது வரியை வெளியே சொல்ல வேண்டாம் என்று சொல்.

படத்தைப் பற்றி எழுதுகிறேன். ஆறு பரவாயில்லை. ஏழில் அந்தப் பெண் போடுகிற பந்து மூன்று நிமிடம் காற்றிலேயே நிற்கிறது. அதற்குள் இவன் சின்ன வயது ஞாபகம் எல்லாம் வந்து போகிறது. நிஜத்தில் பந்து நெற்றியில் பட்டிருக்கும். எட்டாம் பாகம் பார்க்கும்போது கண்ணில் கிரீஸ் பட்டுவிட்டது. பாதிக்கு மேல் சரியாகத் தெரியவில்லை. இன்னொரு தடவை போட்டேன், அப்போதும் பட்டுவிட்டது.

புதிதாக ஒருவனை அனுப்பியிருக்கிறார்கள். என் வயதுதான், வேறு ஊர்க் கிளையிலிருந்து மாற்றலாகி வந்திருக்கிறான். பெயர் வைத்தாகிவிட்டது, ரேடியோ. வாய் மூடுவதே இல்லை. உச்சியில் மெஷின் ரூமில் நின்றுகொண்டு குழியில் இருக்கிற எனக்குக் கேட்கிற மாதிரி, “சார், இப்ப ஸ்க்ரூ கழட்டுறேன் சார். சார், ஸ்க்ரூ கீழ விழுந்துருச்சு சார். சார், எடுத்துட்டேன் சார்.” என் காது வலிக்கு நீதான் பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் மூச்சை ஒரு காரணமாகச் சொல்லக் கூடாது என்று சொன்னது நீதான்.

மீதியை அனுப்பு.

தம்பி


ஆகஸ்ட் 16

அன்புத் தம்பி,

நாங்கள் நலம். கிரீஸுக்குச் சோப்புத் தண்ணீர் நல்லது என்கிறார் மாமா.

ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை எல்லாம் இதில் இருக்கிறது. பதினோராம் பாகத்தில்தான் என் உயிரை வாங்கிய சொல். கனவில் இறந்தவன் வருகிறான். இரண்டு பேரும் ஓர் ஆட்டம் ஆடுகிறார்கள். முடிந்ததும் அவன் மட்டையை வைத்துவிட்டு, வாசலில் திரும்பி ஒரே ஒரு சொல் சொல்லிவிட்டுப் போகிறான். முகம் திரை முழுக்கத் தெரிகிறது. வாய் இரண்டு தடவை திறக்கிறது, உதடு ஒட்டவில்லை. ‘போறேன்’ என்று வைத்தால் முதல் எழுத்திலேயே உதடு ஒட்ட வேண்டும், படத்தில் பிளந்துகொண்டு நிற்கும். இரண்டு நாள் கண்ணாடி முன்னால் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தேன். மாமா பல்வலி என்று நினைத்துக் கிராம்பு கொடுத்தார்.

கடைசியில் கிடைத்தது. ‘வரேன்.’ உதடு ஒட்டாது, அளவும் கச்சிதம். நம்மவர்கள் கிளம்பும்போது அதைத்தானே சொல்கிறோம்? டைரக்டர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். எனக்கே கொஞ்சம் தலைக்கனம்தான். பார்த்துவிட்டு உடனே எழுது.

பாராட்டுக்குக் காத்திருக்கும்,
அக்கா


செப்டம்பர் 14

தம்பிக்கு,

ஒரு மாதமாகப் பதில் இல்லை. போன் செய்தேன், ‘ம்’ கூட வரவில்லை, மணி மட்டும் அடித்தது. சூப்பர்வைசரைக் கேட்டேன், வேலைக்கு ஒழுங்காக வருகிறாய் என்றார். ஆக நீ உயிரோடு இருக்கிறாய், அக்கா மேல்தான் கோபம். ஏழாவது வரியை மாமா தன் ஆபீஸில் சொன்னது உனக்குத் தெரிந்துவிட்டதா? மன்னித்துவிடு, அவருக்கு ஒரு சந்தோஷம்.

அதுவும் இல்லையென்றால் என்னவென்று எனக்குத் தெரியவில்லை. ரேடியோவையும் நீ திருப்பி அனுப்பப்போவதாகச் சூப்பர்வைசர் சொன்னார். இன்னும் ஒரு மாதம்தான் இருக்கிறது. திட்டியாவது எழுது. இன்னும் பத்து நாளில் கடிதம் வராவிட்டால் மாமாவையும் அவர் முழங்காலையும் கூட்டிக்கொண்டு அங்கே வந்து உட்கார்ந்துவிடுவேன்.

கவலையுடன்,
அக்கா


செப்டம்பர் 23

அக்காவுக்கு,

வர வேண்டாம். உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. கோபம் என்று நீ எழுதியது சரி.

பதினோராம் பாகம் பார்த்தேன். ‘வரேன்’ என்கிறான். நானும் பைத்தியக்காரன் மாதிரி பன்னிரண்டாம் பாகத்தைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன். மழை விடுகிறது, பள்ளிக்கூடம் திறக்கிறது, அந்தப் பெண் வந்து மேஜையை விரிக்கிறாள். அவன் வரவில்லை. கடைசியில் யார் யாருக்கோ நன்றி சொல்லிப் பெயர்கள் ஓடி முடிகிறவரைக்கும் பார்த்தேன். அவன் வரவே இல்லை. வராதவன் வாயில் ஏன் அந்தச் சொல்லை வைத்தாய்? உனக்கு உதடு ஒட்டக் கூடாது என்பது ஒன்றுதான் கவலை.

டிசம்பரில் அந்தச் சனிக்கிழமை வேலை முடிந்து அண்டா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, “வரேன்டா” என்றான். நான் உருண்டுபோன ஒரு நட்டைத் தேடிக்கொண்டிருந்தேன். ‘ம்’ என்றேன். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஷேவ் செய்துகொண்டிருந்தவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்துவிட்டான். பதினாறு வருஷம் அவன் கையை நம்பித்தான் நான் குழிக்குள் இறங்கினேன். அவனுக்கு நான் கடைசியாகச் சொன்னது ‘ம்’. அந்த நட்டும் கிடைக்கவில்லை.

எல்லாம் முடிந்து வேலைக்குத் திரும்பிய அன்று பழக்க தோஷத்தில் இரண்டு டீ வாங்கிவிட்டேன். கீழே கொட்ட மனசு வரவில்லை, இரண்டையும் நானே குடித்தேன். இன்றைக்கும் இரண்டுதான் வாங்குகிறேன். என் வயிற்றெரிச்சலுக்கு எந்த டாக்டரிடம் போகச் சொல்கிறாய்? அவன் வீட்டுக்குப் போகவில்லை. போனால் அவன் மனைவி, கடைசியாக என்ன பேசினீர்கள் என்று கேட்பாள்.

அந்தப் படம் பார்த்த மறுநாள் சாயங்காலம் ரேடியோ கிளம்பும்போது “வரேன் சார்” என்றான். என்னிடம் அந்தச் சொல்லை இனிமேல் சொல்லக் கூடாது என்று கத்திவிட்டேன். அன்றிலிருந்து அவன் வாசலில் நின்று தவிக்கிறான். “சரி சார், அப்பறம்…” என்கிறான். “சார், நான் இப்ப இங்க இல்லைன்னு வெச்சுக்கோங்க” என்கிறான். நேற்று ஒன்றும் தோன்றாமல் சல்யூட் அடித்துவிட்டுப் போனான். பாவமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் அவனை வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கப்போகிறேன். புகார் நாற்காலியில் யாரும் யாருக்கும் வரேன் என்று சொல்வதில்லை.

தம்பி


அக்டோபர் 1

என் தம்பிக்கு,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். மாமா ஒரு தடவை படித்தார். நான் தப்புச் செய்துவிட்டேன். உதட்டை மட்டும் பார்த்தேன், கேட்கிறவன் காதைப் பார்க்கவில்லை.

ஆனால் ஒன்று. ‘ம்’ என்று மட்டும் சொன்னேன் என்று எழுதியிருக்கிறாய். பதினாறு வருஷமாக உன் ‘ம்’மைக் கேட்டவன் அவன். எனக்குப் பிடிபடாத பதினெட்டு வகையும் அவனுக்கு அத்துப்படி. அன்றைக்கு நீ சொன்னது எந்த வகை என்று அவனுக்குத் தெரிந்திருக்கும். இதை அவன் மனைவியிடமும் தைரியமாகச் சொல்லலாம்.

பதினோராம் பாகத்தைத் திரும்பப் பதிவு செய்ய டைரக்டரிடம் இருபத்தைந்தாம் தேதி வாங்கியிருக்கிறேன். வேறு என்ன சொல் வைப்பது? எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. ஒரு வழி இருக்கிறது. கனவில் வந்தவன் வாசலைத் தாண்டும்போது நம் பையன் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறான். அசலில் அவன் பதிலே பேசவில்லை. முதுகுக்கு உதடு கிடையாது, நாம் என்ன வேண்டுமானாலும் பேச வைக்கலாம். அவன் என்ன சொல்வான்?

பதினைந்தாம் தேதி பற்றி இனி நான் வாய் திறக்க மாட்டேன். எந்த நாற்காலியில் உட்கார்ந்தாலும் நீ என் தம்பி. ஆனால் நீ இப்படித் தனியாகவே இருந்து இருந்து மனுஷ வாடையே ஆகாமல் போய்விடுவாயோ என்று பயமாக இருக்கிறது. அதை மறைக்க எனக்குத் தெரியவில்லை.

அக்கா


அக்டோபர் 16

அன்புள்ள அக்கா,

நீயும் மாமாவும் சுகமாக இருக்க வேண்டும். நான் பரவாயில்லை. நேற்று நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலையிலேயே சூப்பர்வைசர் கையெழுத்துப் படிவத்தோடு வந்து, “சாயங்காலம் அஞ்சு மணி. வேணும்னா கையெழுத்து, வேண்டாம்னா நாற்காலி” என்று சொல்லிவிட்டுப் போனார். ‘வேண்டாம்’ என்று மனசுக்குள் எழுதியாகிவிட்டது. கடைசி நாள் என்று ரேடியோவுக்கும் தெரியும். ஒன்பது மாடிக் கட்டடம். நான் குழிக்குள், அவன் மேலே. கடைசி நாளாயிற்றே, இன்றைக்காவது வாயை மூடுவான் என்று பார்த்தால், “சார், இப்ப மெயின் ஆஃப் பண்றேன் சார். சார், கையை எடுத்துட்டேன் சார். சார், இங்கதான் நிக்கிறேன் சார்” என்று வழக்கம்போலத்தான். மதியம்வாக்கில்தான் எனக்கு உறைத்தது. அவன் மேலே எங்கே நிற்கிறான், கை எதன்மேல் இருக்கிறது என்று மூன்று மாதமாக ஒரு நிமிடம்கூட நான் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. பயமில்லாமல் வேலை பார்த்திருக்கிறேன். அதை அவனிடம் சொல்லத்தான் வாய் வரவில்லை.

நாலே முக்காலுக்கு அவன் பையை மாட்டிக்கொண்டான். எதைச் சொல்வது என்று வாசலில் நின்று உதட்டைக் கடித்தான். சல்யூட் அடிக்கக் கையைத் தூக்கினான், பாதியில் இறக்கினான். பிறகு வாய் தவறி, “வரேன் சார்” என்று சொல்லிவிட்டான். சொன்னதும் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டான். கண் இரண்டும் அந்தப் பொம்மைப் பையனுடையது மாதிரி பெரிதாகிவிட்டன.

எனக்குக் கோபம் வரவில்லை அக்கா. அவன் நின்ற கோலத்தைப் பார்த்துச் சிரிப்பு வந்துவிட்டது. என்னை அறியாமல், “போடா” என்றேன்.

அவன் கையை மெதுவாக எடுத்தான். “சார், ‘டா’வா சார்? அப்ப என்னைச் சேத்துக்கிட்டீங்களா சார்?” என்றான்.

பத்து மாதமாக நான் ஒருவரையும் ‘டா’ போட்டுக் கூப்பிடவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. படியில் உட்கார்ந்துவிட்டேன். அழுகை வந்தது. கிரீஸ் ஒன்றும் இல்லை, அழுதேன். ரேடியோ முதல் தடவையாக ஒன்றும் பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். ஐந்து மணிக்குக் கையெழுத்துப் போட்டேன்.

அந்தச் சொல்லை மாற்றாதே. இறந்துபோனவன் ‘வரேன்’ என்றே சொல்லட்டும், அவனுக்கு வேறு எப்படிச் சொல்லத் தெரியும்? முதுகைக் காட்டி நிற்கிறவன் ‘போடா’ என்று சொல்லட்டும். குரல் கொடுக்கிறவரிடம் நான் சொன்னதாகச் சொல். சொல்ல ஆரம்பிக்கும்போது வழக்கமான கேலிதான் இருக்க வேண்டும். முடிக்கிறபோது, நிஜமாகவே அவனைப் போகச் சொல்ல வேண்டும்.

உன் அன்புத் தம்பி